படியேறி வந்த செருப்புகள்

லேபிளம்மாவின் வலைப்பூவில் நான்காவது பதிவு வந்த வியாழக்கிழமை காலை, அவர் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டு வாசலில் ஏழு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. வீட்டுக்குள் விருந்தாளி என்று யாரும் இல்லை. ஒன்பதரைக்கு ஏழாக இருந்தவை பத்து மணிக்கு நான்காயின. பத்தேகாலுக்கு ஒரு பழுப்பு நிற ஷூ மட்டும் மிதியடியில் நின்றிருந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. வலைப்பூவின் ஓரத்தில் வாசகர் எண்ணிக்கை காட்டும் கட்டத்திலும் அன்றைக்கு ஏழு என்றுதான் இருந்தது.

அன்று அவர் கணவருக்கு வார விடுமுறை. கடைத்தெருச் செருப்புக்கடையில் இருபத்தாறு வருடமாக முட்டி போட்டு உட்கார்ந்து அடுத்தவர் காலுக்கு அளவெடுக்கிறவர் அவர். அளவுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மனிதர்களைக் கணுக்காலுக்குக் கீழே மட்டும் அடையாளம் தெரிந்தவர். அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரு ஷூவை இரண்டு விரலால் தூக்கி, கவிழ்த்து, அடிப்பாகத்தைப் பார்த்தார். நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர், அநேகமாக ஆசிரியர், வலது காலில் பாரத்தைப் போடுகிறவர் என்று சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார். அடுத்த ஒரு வாரத்தில் இந்த விவகாரத்தின் ஒழுங்கு முழுவதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கோ ஒருவர் பக்கத்தைத் திறந்தால் அவருடைய செருப்பு இங்கே வரும், மூடினால் போய்விடும். திறந்து வைத்தபடியே தூங்கிப்போகிறவர்களின் செருப்பு விடியும்வரை கிடக்கும். சில ஜோடிகள் மிதியடியைத் தொடும் முன்பே திரும்பிவிடும். அவை வேறெதையோ தேடி வழிதவறி வந்தவை. கடையில்கூட அப்படிப்பட்டவர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போவதுண்டு, அதற்காக மனம் வருந்தக் கூடாது என்று அளவுக்காரர் மனைவிக்கு எடுத்துச் சொன்னார்.

லேபிளம்மா வருந்தினார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவர் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒருவர் ரத்தத்தில் இன்னொருவர் பெயரை ஒட்டியதாக ஒரு புகார் கிடையாது. அந்தப் பெருமையில் வந்த பட்டப்பெயர்தான் லேபிளம்மா. வலைப்பூ ஆரம்பித்ததற்குக் காரணம் கேட்டவர்களிடமெல்லாம் பொழுதுபோக்கு என்றார். அது உண்மையில்லை என்று அளவுக்காரருக்குத் தெரியும். நான்கு வருடமாகப் பேசாமல் இருக்கும் அக்கா படிக்க வேண்டும், அவ்வளவுதான். போனை எடுக்காதவள், கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறவள், ஊரே பார்க்கிற இடத்தில் எழுதினால் பார்க்காமலா போய்விடுவாள் என்பது லேபிளம்மாவின் கணக்கு.

அக்கா பேச்சை நிறுத்தியது ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டு மேசையில். லேபிளம்மா அன்று தன் ரயில் கதையைச் சொன்னார். ஏழு வயதில் அப்பாவோடு ரயிலேறியது, தண்ணீர் பிடிக்க இறங்கிய அப்பா, "இடத்தப் பிடிச்சு வை, நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனது, ரயில் கிளம்பிவிட்டது. கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும், பெட்டியைக் கழுவ ஆள் வந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிய பிறகும், குழந்தை எழுந்திருக்கவில்லை. கடைசியில் நிலைய அதிகாரியே வந்து, தன் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் வைத்து, நைச்சியம் பேசிப் பார்த்தார். ம்ஹூம். நாலு மணி நேரம் கழித்து அடுத்த ரயிலில் அலறியடித்துக்கொண்டு வந்த அப்பாவைப் பார்த்து, "இடம் இருக்குப்பா, உட்காருங்க" என்றது. மேசையே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அது எனக்கு நடந்தது" என்றாள். லேபிளம்மா அவள் தோளைத் தட்டி, "உனக்கு வயசாகுதுக்கா" என்றார். இன்னொரு சிரிப்பு எழுந்தது. அக்கா கையைக் கழுவிவிட்டு வெளியே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, போனவள் போனவள்தான்.

அந்தச் செருப்பு அளவுக்காரர் கொடுத்தது. அக்காவுக்குப் பிறவியிலேயே இடது பாதம் நாலாம் நம்பர், வலது பாதம் ஐந்தாம் நம்பர். எந்தக் கடையிலும் இரண்டு பெட்டியைப் பிரித்து ஒரு ஜோடி தர மாட்டார்கள். அளவுக்காரர் வருடத்துக்கு ஒரு முறை பிரித்துக் கொடுப்பார். மிச்சமாகும் வலது நாலையும் இடது ஐந்தையும் முதலாளிக்குத் தெரியாமல் தானே வாங்கி வீட்டு அலமாரியில் வைத்துவிடுவார். அப்படிப் பதினோரு பொருந்தாத ஜோடிகள் அங்கே இருந்தன. நான்கு வருடமாகப் பன்னிரண்டாவது சேரவில்லை.

ஆகவே தினமும் காலையில் அளவுக்காரர் வாசலைப் பார்த்துவிட்டு வந்ததும் லேபிளம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: நாலும் ஐந்தும் வந்திருக்கிறதா? இல்லை என்பார் அவர். ஆனால் மருத்துவமனைச் செவிலியின் வெள்ளை ஷூ வந்திருக்கிறது, ஓட்டுநர் ஒருவர் வந்திருக்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று பாடத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறது என்று மற்ற நிலவரத்தைச் சொல்வார். லேபிளம்மா காதில் ஏறாது.

ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பாசத்துக்கு வராதவள் கோபத்துக்காவது வருவாள் என்று அந்த ரயில் கதையையே வலைப்பூவில் ஏற்றினார். தன் பெயரில்தான். கல்யாண வீட்டில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து எழுதினார். நிலைய அதிகாரி குழந்தையின் கையில் பச்சைக் கொடியைக் கொடுத்து ஆட்டச் சொன்னது, நீலத் தொப்பி மூக்குவரை இறங்கி மறைத்தது. படியேறும்போது இடது செருப்பு நழுவித் தண்டவாளத்தில் விழுந்துவிட, குழந்தை ஒற்றைச் செருப்போடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. அந்த ஒற்றைச் செருப்பில் உலகம் உருகிப்போனது. மதியத்துக்குள் வாசல் நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, சாயங்காலம் தெருமுனைத் தபால்பெட்டிவரை செருப்பு வரிசை நின்றது. ஆயிரத்து நூற்று நாற்பது ஜோடி. தெருநாய்கள் வந்து முகர்ந்துவிட்டு, ஒன்றைக்கூடக் கடிக்காமல் ஒதுங்கிப் போயின. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, நடைபாதையை மறிப்பது யார் என்று கேட்டு, கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தானும் அந்தப் பதிவைக் கைப்பேசியில் திறந்து படித்தார். அவர் காலில் இருந்த ஷூ வரிசையின் கடைசியில் போய் நின்றது. வெறுங்காலோடு நடந்து போய் அதைப் போட்டுக்கொண்டு, அறிக்கை எதுவும் எழுதாமல் திரும்பினார்.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. படியில் கால் வைக்க இடமில்லாமல் மூன்று நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடி இறங்கியவர், நான்காம் நாள் வெறுத்துப்போய், நல்லதாக ஒரு ஜோடியைப் பொறுக்கி மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். படிக்கும்போது இடது குதிகாலில் ஏதோ கடிக்கிறது, காரணம் தெரியவில்லை என்று அன்று ஒரு பின்னூட்டம் வந்தது. மழை பெய்த நாளில் வந்தது இன்னொன்று: "படிச்சு முடிச்சுப் பார்த்தா என் ஷூ நனைஞ்சிருக்கு. இங்க மழையே இல்ல." லேபிளம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஆயிரத்து நூற்று நாற்பதிலும் நாலும் ஐந்தும் இல்லை என்று அளவுக்காரர் குனிந்து குனிந்து தேடிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சொன்னபோது, அன்றைக்கு ஒரு நாள் மட்டும், லேபிளம்மா அந்தக் கேள்வியைக் கேட்க மறந்திருந்தார்.

அங்கேதான் சறுக்கல் ஆரம்பித்தது. வரிசை போன பிறகு வரிசைக்காக எழுத ஆரம்பித்தார். தினமும் மூன்றாவது வரியில் திரும்பிவிடும் ஒரு கறுப்பு பூட்ஸுக்காகப் பதிவுகளை மூன்று வரியாக்கினார். பூட்ஸ் முதல் வரியிலேயே திரும்ப ஆரம்பித்தது. நீண்ட நாள் வாழ ஒன்பது வழி எழுதினார். கணவரின் குறட்டையைப் பற்றி எழுதினார். அன்று வந்த முப்பது ஜோடியும், எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக, வெளியே பார்த்தபடி நின்றன. மறு வருடம் அது பத்தானது, நாலானது. பிறகு எட்டு மாதம் மிதியடி மிதியடியாகவே இருந்தது. பெருக்க வருகிறவள் வேலை குறைந்ததே என்று குறைப்பட்டாள்; செருப்புகளுக்கு நடுவே பெருக்கிப் பழகியவளுக்கு வெறும் படி அலுத்துவிட்டதாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அளவுக்காரர் வாசலிலிருந்து, "இன்னிக்கு ஒண்ணு வந்திருக்கு" என்றார்.

"யாரோடது?"

"உன்னோடது."

மேசையில் கணினியைத் திறந்து வைத்துத் தன் பழைய ரயில் பதிவைத்தான் லேபிளம்மா படித்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தார், போட்டிருந்த வீட்டுச் செருப்பு இல்லை, கால் வெறுங்காலாக இருந்தது. பக்கத்தை மூடிவிட்டு, எப்படித்தான் எழுதினாலும் அவள் வர மாட்டாள், கல்நெஞ்சக்காரி, ஒரு சின்னக் கதைக்குப் போய் நாலு வருடமா, இப்போது அதுவும் ஆறாகிவிட்டது என்று புலம்பினார். அளவுக்காரர் கேட்டுக்கொண்டே காப்பியை ஆற்றினார். பிறகு, கடையில் ஒருவர் சின்ன ஷூவுக்குள் காலைத் திணிக்கும்போது சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"செருப்பு எப்படிம்மா கழண்டு விழும்?"

"எது?"

"ரயில்ல ஏறும்போது. இடது செருப்பு."

"லூசா இருந்திருக்கும்."

"ஒண்ணு மட்டுமா லூசா இருக்கும்? உனக்கு ரெண்டு காலும் ஒரே அளவு. நான் எடுத்த அளவுதானே."

லேபிளம்மா தன் பாதங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்துப் பார்த்தார். இரண்டும் குதிகாலிலிருந்து கட்டைவிரல்வரை இம்மி பிசகாமல் பொருந்தின. இடது பாதம் சின்னதாக இருக்கும் குழந்தைக்குத்தான் இடது செருப்பு மட்டும் நழுவும். அப்போது அந்த நாள் முதல்முறையாக அதன் சொந்த இடத்திலிருந்து அவருக்கு ஞாபகம் வந்தது: அன்று அவருக்குக் காய்ச்சல், வீட்டில் நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தார், இருட்டிய பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு அக்கா உள்ளே வந்தாள். அந்தக் கதையை அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக் கேட்டே தண்ணீர் தன் காலில் பட்டதுபோல் ஆகிவிட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாண வீட்லயே சந்தேகம். பதிவுல செருப்பைப் பத்திப் படிச்சப்ப நிச்சயம்."

"ஏன் சொல்லல?"

"நீ அளவு கேக்கலையே" என்றார் அளவுக்காரர்.

அன்று லேபிளம்மா எழுதிய பதிவு ஐந்து வரி. ரயிலில் தனியாகப் போனது தன் அக்கா என்றும், தான் அன்று காய்ச்சலில் கிடந்ததாகவும், இத்தனை வருடம் பிறர் ரத்தத்தில் பெயர் மாற்றி ஒட்டாதவர் சொந்த ரத்தத்தில் மாற்றி ஒட்டிவிட்டதாகவும், சொன்னவளைப் பார்த்து வயசாகிவிட்டது என்று சிரித்ததாகவும், அதற்கு மன்னிப்புக் கேட்பதாகவும் இருந்தது. அதைப் படிக்க ஆயிரம் பேர் வரவில்லை. பழைய வாசகர் மூன்று பேர் வந்து, ஏமாற்றிவிட்டதாகத் திட்டிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மிதியடியில் நாலும் ஐந்தும் நின்றன, முனை இரண்டும் கதவைப் பார்த்தபடி. அளவுக்காரர் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முன் அவரே கொடுத்த ஜோடி. மூன்று இடத்தில் தைத்திருந்தது, அடிப்பாகம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. வேறு எந்தக் கடையிலும் அவளுக்கு இரண்டு பெட்டியைப் பிரித்துத் தரவில்லை, அவளும் இந்தக் கடைக்கு வரவில்லை. லேபிளம்மா அதைத் தொடவில்லை. பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார், அன்று வேலைக்குப் போகவில்லை. மதியம் ஒரு பின்னூட்டம் வந்தது. "தொப்பி நீலம் இல்ல, கறுப்பு. கொடி யாரும் குடுக்கல. மத்தது சரி." பெயர் இல்லை. பெயர் ஒட்டத் தேவையும் இல்லை.

செருப்பு சாயங்காலமும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. அவள் பக்கத்தை மூடவில்லை. ஒன்பது நாள் அந்த ஜோடி அங்கேயே நின்றது. பெருக்க வருகிறவள் அதைச் சுற்றிப் பெருக்கினாள். பத்தாம் நாள் படியில் சத்தம் கேட்டது. குளியலறை ரப்பர் செருப்பு, அதுவும் யாரோ ஆம்பளையுடையது, படிக்குப் படி அறைந்துகொண்டு ஏறி வந்தது. மூச்சு வாங்க மிதியடிமுன் வந்து நின்ற அக்கா, கதவைத் திறந்த தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தாள்.

"இருக்கிறது ஒரு ஜோடி. அதையும் இங்க கொண்டுவந்து வச்சுக்கிட்டா நான் எதப் போட்டுக்கிட்டு வெளியே போறது?"

ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வாக்கியம் இது. லேபிளம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, கைக்கு வந்த துணியால் தூசி தட்டி, "இடம் இருக்குக்கா, உட்காரு" என்றார்.

அக்கா உட்கார்ந்தாள். "அதுவும் என்னோடதுதான்" என்றாள்.

அளவுக்காரர் அன்று மதியம் கடைக்குப் போய் இரண்டு பெட்டியோடு வந்து, முட்டி போட்டு உட்கார்ந்து மாட்டிவிட்டார். மிச்சமான வலது நாலும் இடது ஐந்தும் அலமாரியில் பன்னிரண்டாவதாகப் போயின. வலைப்பூ இன்னும் இருக்கிறது. வாரம் ஒரு பதிவு, மேலே யாருடைய கதை என்று முதலில் பெயர் போட்டுவிட்டுத்தான் விஷயம். வாசகர் எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்று. வெள்ளிக்கிழமை காலைகளில் மிதியடியில் புதுச் செருப்பு ஒன்று அரை மணி நேரம் நிற்கும், அது போன கையோடு திருத்தம் வரும். மழை வருவதுபோல் இருந்தால் அளவுக்காரர் அதை எடுத்து உள்ளே வைப்பார்.