நான்கு நாள் விடுப்பு

ஒரு தெர்மாகோல் துண்டைக் கையில் கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல அந்தப் பட்டறையில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அவள்தான் சின்னவள். ஓரத்தைக் கிள்ளித் தீயில் காட்டி, மூக்கைச் சுளித்து, டி.வி. பெட்டிக்குள் இருந்ததா, மீன் பெட்டியா, சுவருக்குள் வைத்ததா என்று சொல்லிவிடுவாள். பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் மோப்பக்காரி. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

பட்டறையை நடத்தியவள் அவளுடைய அக்கா, பெரியவள். வண்டி வண்டியாக வரும் தெர்மாகோலை மெஷின் அரைத்து, சூடேற்றி, பிழிந்து தள்ளும். வண்டி நிறைய வந்தது கடைசியில் நாலைந்து கட்டியாகச் சுருங்கிக் கிடக்கும். கட்டியை உடைத்து, உருக்கி, அச்சில் ஊற்றிப் போட்டோ ஃபிரேம் செய்வார்கள். சின்னக் குழந்தைகள் எண்ணிப் பழகும் மணிச்சட்டமும் செய்வார்கள்.

குழந்தைகள் எதையும் வாயில் வைக்கும். அதனால் மணிக்குப் போகும் சரக்கைச் சின்னவள் சோதித்துச் சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்ததே பெரியவள்தான்.

ஒருநாள், இடித்த குளிர்பதனக் கிடங்கிலிருந்து மஞ்சளித்துப்போன தெர்மாகோல் பலகைகள் ஒரு லாரி நிறைய வந்தன. சின்னவள் ஒரு துண்டைக் கொளுத்தினாள். தீக்குச்சியை விலக்கியதும் நெருப்பு தானாக அணைந்துவிட்டது. இன்னொரு துண்டு. அதுவும் அப்படியே.

"தீப்பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கு அக்கா. மணிக்கு ஆகவே ஆகாது. திருப்பி அனுப்பிடு."

"சரி. நீ சொன்னா சரிதான்," என்றாள் பெரியவள்.

அடுத்த வாரம் பெரியவள் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்கல்ல? நாலு நாள் போய்க் கூடவே இரு. இங்க நாங்க பாத்துக்கறோம்."

அரைநாள் லீவு கேட்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அக்கா அவள். இப்போது பையில் ஆப்பிள் வேறு போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் அம்மாவிடம், "அக்கா மாறிட்டாம்மா," என்று ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பாள்.

திரும்பி வந்தபோது பலகைகள் இல்லை. "அனுப்பியாச்சு," என்றாள் பெரியவள். மெஷின்காரர் மட்டும் சின்னவளின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். வீட்டில் ஏதோ சண்டைபோல என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். கம்பி வளைந்துவிட்டது என்று ஒரு மழலையர் பள்ளியிலிருந்து மணிச்சட்டம் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கம்பியை மாற்றும்போது உடைந்த மணி ஒன்று கையில் வந்தது. பழக்கதோஷம், நெருப்பில் காட்டினாள். அணைந்தது. அடுத்த மணி. அதுவும் அணைந்தது. ஐந்தாவது மணியும் அணைந்தது.

அலுவலக அறையில் சீட்டுக் கோப்பைப் பிரித்தாள். அம்மாவின் கண்கட்டு அவிழ்த்த தேதியில் ஒரு சீட்டு. கீழே அவளுடைய கையெழுத்து, அச்சு அசலாக. சின்ன வயதில் அவள் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் பெரியவள். தப்பு வருமா?

"இது யார் போட்டது?"

பெரியவள் சீட்டைப் பார்த்தாள். மழுப்பவில்லை. "நான்தான். நல்ல சரக்கு தட்டுப்பாடு. பள்ளிக்கூடங்களுக்குத் தேதி சொல்லியாச்சு. வேற என்ன பண்ணச் சொல்ற?"

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ போட மாட்டே. அதான் கேக்கல."

"அதுக்காகத்தான் என்னை அனுப்பி வெச்சியா? அம்மா ஆபரேஷனைச் சாக்கா வெச்சு?"

வாசலில் நின்ற மெஷின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் சின்னவளுக்கு உறைத்தது, பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதமாகக் கூட உட்கார்ந்து டீ குடித்தவர்கள், மோப்பக்காரி என்று கூப்பிட்டுச் சிரித்தவர்கள், அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது அவள் ஒருத்திக்குத்தான்.

கோப்பிலிருந்து பள்ளிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு அப்படியே வெளியேறினாள்.

"ஏய், நில்லுடி! நம்ம பொழப்புல மண்ணை அள்ளிப் போடாதே!"

அவள் நிற்கவில்லை. பதினோரு பள்ளிகளுக்கும் நேரில் போனாள். முதல் பள்ளியின் டீச்சர் சரக்கோடு வந்த சீட்டின் நகலை எடுத்துக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் பழி தன்னோடு போகும், அக்கா தப்பிப்பாள்.

"என் பேரு. போட்டது நான் இல்ல. எங்க அக்கா."

சொன்ன பிறகு பள்ளி வாசலில் செருப்பைத் தேடும்போது அழுகை வந்துவிட்டது.

மணிச்சட்டங்கள் எல்லாம் திரும்பி வந்தன. பள்ளிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. பெரியவளின் பட்டறையில் இப்போது ஃபிரேம் மட்டும்தான். சின்னவள் வேறொரு கிடங்கில் பழைய பாட்டில்களைத் தரம் பிரிக்கிறாள்.

ஆறு மாதம் கழித்து அம்மா வந்தாள். "அக்கா உன்னைத் திரும்ப வரச் சொல்றா. நீ இல்லாம தடுமாறிப் போறாளாம்."

"தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னாளாம்மா?"

அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "அப்படிச் சொல்லல."

"சரி, சாப்பிடும்மா," என்று சின்னவள் தட்டை எடுத்து வைத்தாள்.