செத்த காத்து

மொக்கைச்சாமி, கூட வேலை பார்க்கும் கருப்பணனுக்குத் தர வேண்டிய கடன் பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். தன் மனைவி சண்முகவள்ளியின் கண் ஆபரேஷனுக்கு வாங்கியது. ஆலையில் எல்லாருக்கும் அது தெரியும். வாசலில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரியும்.

ஆலை குஜிலியம்பாறைக்கு மேற்கே கரட்டுக் குன்றை ஒட்டி இருந்தது. தேங்காய்ச் சிரட்டையும் சீமைக்கருவேலங் கட்டையும் உள்ளே போய் வாயுவாகும். அந்த வாயு, உயரமான இரும்பு உருளைக்குள் நிரப்பிய கறுப்பு மணிகளுக்கு ஊடே ஓடி, எண்ணெயாகி இறங்கும். பழசான மணிகளை வாரிப் போடுவதுதான் குலை நடுங்கும் வேலை. வெளிக்காற்று பட்டால் அவை தானாகவே பற்றிக்கொள்ளும். அதனால் உருளைக்குள் நைட்ரஜனைச் செலுத்திக்கொண்டே இருப்பார்கள். அதில் தீயும் பிடிக்காது, மனுசனுக்கு மூச்சும் கிடைக்காது. மேலே உட்கார்ந்து வாருகிறவருக்கு முகமூடி உண்டு. அதற்கு நல்ல காற்று தனிக் குழாயில் போகும்.

அன்று மேலே கருப்பணன். கீழே நைட்ரஜன், முகமூடிக் காற்று இரண்டு வால்வுக்கும் மொக்கைச்சாமி. அதுவரை சிரட்டை சுமந்துகொண்டிருந்த அவனை அன்றைக்குத்தான் அங்கே நிறுத்தியிருந்தார்கள்.

"ஏலே மொக்கை, கடங்காரன் கையில உசுரக் குடுத்துட்டு ஏறுறேன். பாத்துக்க அப்பு."

"ஒங்க உசுர வச்சு நான் என்னண்ணே பண்ண? அதுக்கும் வட்டி கேப்பீக."

கருப்பணன் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் முகமூடிக்குள்ளிருந்து அமுங்கிய குரல் வந்தது.

"செத்த காத்து விடுலே!"

பாவம், மூச்சு முட்டுகிறது போலும். முகமூடி வால்வைக் கொஞ்சம் திறந்தான்.

"செத்த காத்துலே!"

இன்னும் கொஞ்சம் திறந்தான். "விட்டாச்சுண்ணே!"

அடுத்த முறை குரல் பளிச்சென்று கேட்டது. முகமூடியைத் தூக்கிவிட்டுக் கத்துகிறார். "கூறுகெட்டவனே! செத்துப்போன காத்துடா! நைட்ரஜனக் கூட்டி விடு!"

உருளையின் வாயில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

மேலே ஏறுகிறவர்கள் நைட்ரஜனுக்கு வைத்திருந்த பெயர் 'செத்த காத்து'. அவன் காதில் அது 'கொஞ்சம் காற்று' என்றுதான் விழுந்திருந்தது. நைட்ரஜன் வால்வுக்குப் போன கை பாதியில் நின்றது. அவர் முகமூடியை மாட்டிவிட்டாரா? மாட்டாமல் இருந்தால், பொங்கி வரும் நைட்ரஜன் முகத்தில் அடித்து, மயங்கி உள்ளேயே விழுந்துவிடுவார். திறக்காவிட்டால் வெந்துபோவார்.

அந்த நேரத்தில் அவன் மனசுக்குள் முதலில் வந்தது கருப்பணன் முகம் இல்லை. பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது. தலையை உதறிக்கொண்டு கத்தினான்.

"மூஞ்சிய மூடுங்கண்ணே! மூடிட்டு இரும்புல தட்டுங்க!"

சத்தமே இல்லை. சிவப்பு விளிம்புவரை ஏறியது.

ணங்.

வால்வை முழுதாகத் திருகித் திறந்தான். சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்தது.

கருப்பணனுக்கு ஒரு கை வெந்துபோயிருந்தது. வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் வீட்டிலிருந்த ஆடுகளை விற்றுவிட்டு, மொக்கைச்சாமி நேராகத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனான். பணத்தைக் கட்டிலில் வைத்தான்.

"இப்ப யாருலே கேட்டா? வாய்க்கு வந்த பேரச் சொல்லிக் கத்துனது என் தப்பு. ஒன்னைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"மத்தவுக சொல்லல." பணத்தை அவர் பக்கம் தள்ளினான். "அடுத்த தடவ நீங்க மேல ஏறையில நான் கீழ நிக்கணும்ணே. கடனோட நிக்க எனக்குப் பயமா இருக்கு."

கருப்பணன் அவனையே பார்த்தார். பிறகு நல்ல கையால் நோட்டுகளை எண்ணித் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"தீந்துச்சுலே," என்றார். "இனிமே செத்த காத்துக்குப் பேரும் நைட்ரஜன்தான்."