மான்விழியாரின் உத்தரவு

கால்நடை ஆய்வகத்துத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் மான்விழியார். காட்டிலிருந்து இறங்கிவரும் மான்களுக்கு அலுவலகப் பின்வாசலில் தொட்டி கட்டித் தண்ணீர் விட்டு, அவற்றோடு படம் எடுத்துச் சுவரெல்லாம் மாட்டியிருந்தார். சோதனைக் குழாயைக் கையில் எடுத்து எத்தனை வருஷமோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

அங்கே ரத்தம் சோதிக்கிறவளுக்கு இரண்டு நாளாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. தொட்டியை அடுத்த வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவள் அக்காவின் தொழுவம். கறவையில் இருந்ததே இரண்டு மாடு. இரண்டுக்கும் வாய் வீங்கிக் காய்ச்சல், ரத்தத்தில் வைரஸ். வைரஸ் இருக்கும் விலங்கை மூன்று நாளுக்குள் கொல்ல வேண்டும் என்று, விசாரணை கிசாரணை ஒன்றும் இல்லாமல் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார் அந்த மகானுபாவர். அக்கா சோறு தண்ணி இல்லாமல் தொழுவத்திலேயே கிடந்தாள்.

இது மாட்டுக்கு மாடு ஒட்டுகிற நோய் இல்லை, கொசுவைவிடச் சின்னக் கடிபூச்சி சுமப்பது, தொட்டி வழிந்த சேற்றில்தான் பூச்சி பெருகுகிறது, மானையும் சோதியுங்கள் என்று தங்கை தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். துள்ளி விளையாடுகிற மானுக்கு நோயாம் என்று எல்லோர் முன்னாலும் நக்கலடித்தார் மான்விழியார். வைரஸ் இருந்தால் படுத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த மேதை படித்துக் கிழித்த வைத்தியம்! அவள் வாயை அடைப்பதற்காகவே, தன் கையில் தின்னும் பெண்மானுக்கு மயக்க ஊசி போடச் சொல்லி, ரத்தம் எடுத்து, குழாயில் ‘என் மான்’ என்று தானே எழுதியும் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காலையில் முடிவு வந்தது. அதே வைரஸ். முடிவையும் உத்தரவையும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“உத்தரவுல மாடுன்னு இல்ல சார், விலங்குன்னுதான் இருக்கு. மதியம் வண்டி வருது. முதல்ல எதை ஏத்தணும்?”

அவர் முகம் செத்துப்போயிற்று. “பூச்சி கடிச்சா அது என்னம்மா பண்ணும்? வாயில்லா ஜீவன்.”

“இதையேதான் சார் எங்கக்கா முந்தாநாள் உங்ககிட்ட அழுதுட்டே சொன்னா. நீங்க போன் பாத்துட்டிருந்தீங்க.”

மான்விழியார் உத்தரவைக் கிழித்தார். ரத்துக்குக் காரணம் என்று பதிவேட்டில் அவர் எழுதச் சொன்னது ‘தட்டச்சுப் பிழை’. அதையும் வெட்கமில்லாமல் சொன்னார். அவள் எழுதிக் கொடுத்தாள், பின்வாசலுக்குப் போய்த் தொட்டிக் குழாயை இறுக மூடினாள், அக்காவைச் சாப்பிட வைக்க வேலியைத் தாண்டிப் போனாள்.