படங்கின் கீழ் மூன்று பெட்டிகள்

…இல்லை, பல்புகளைத்தான் முதலில் காட்டவேண்டும், நாற்பத்திரண்டும் புதுசு, நேற்றுப் பின்னேரம் ஏணியில் ஏறித் தன் கையாலேயே பூட்டியது, அதைக் கண்டால் பிள்ளைக்கு மனம் குளிரும், குளிர்ந்த மனத்தோடு மேல்மாடிக்கு வந்தால் துருவும் பொன்னாகத் தெரியும் என்று நினைத்தபடி பாலசிங்கம் படியில் முன்னால் ஏறினார். பின்னால் அன்ரனிட்டா வந்தாள். எஞ்சினியர். முப்பது வயதுகூட இராது, யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை வரைக்கும் ஸ்கூட்டியில் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், தோளில் ஒரு பை, கையில் ஒரு படிவம், அந்தப் படிவத்துக்குள்தான் அவருடைய மிச்ச ஆயுசு இருந்தது. தனியார் வர்த்தகக் கட்டடங்களுக்கு அரசாங்கம் வலுசக்திக் கணக்காய்வு செய்துதரப் போகிறதாம், செலவில் பெரும்பங்கு மானியமாம், கட்டடம் எந்த மூலையில் கரண்டைத் தின்கிறது என்று கண்டுபிடித்து அறிக்கை தருவார்களாம், அந்த அறிக்கை கையில் இருந்தால் பழைய இயந்திரங்களை மாற்றவும் கூரையில் சோலர் போடவும் உதவி வருமாம்… பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையில் இதை வாசித்த நாளிலிருந்து அவருடைய உயிரையும் அந்தத் தாளோடு சேர்த்து யாரோ குண்டூசி குத்தி வைத்தது போலிருந்தது. ஏனென்றால் நிமலன் சொல்லிவிட்டான். சுவிஸில் இருக்கிற தம்பி, கட்டடத்தில் பாதி அவனுடைய வியர்வை. 'அண்ணை, கரண்ட் பில்லுக்காக உழைக்கிற லொட்ஜ் எங்களுக்கு என்னத்துக்கு? கொழும்பு ஆள் ஒருத்தர் கேக்கிறார். மானியம் சரிவந்தா வைச்சிருப்பம், இல்லாட்டி விப்பம். எஞ்சினியர் வாற அண்டைக்கு உங்கட பன்னிரண்டு மணிக்கு எடுப்பன், ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.' ஒரு சொல். கீழே கூல்பார், மேலே எட்டு அறை, பின்னால் சாமத்தியவீடு, கலியாணம் என்று வாடகைக்கு விடுகிற ஹோல், அதற்கும் பின்னால் அவரும் மனைவி மனோகரியும் குடியிருக்கிற ஒன்றரை அறை, இவ்வளவும் ஒரு சொல்லில். இப்போது மணி பத்தே முக்கால்.

'ஐயா, இந்த அறையளில ஏ.சி. ஓடுறேல்லையோ?' எட்டு அறைகளிலும் ஏ.சி. இருந்தது, எட்டிலும் 'பாவனையில் இல்லை' என்று அவரே முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தார், பசை இன்னும் காயவில்லை. 'தேவையில்லைப் பிள்ளை, யன்னலைத் திறந்தாக் கடல் காத்துப் பிய்ச்சுக்கொண்டு போகும்' என்று திறந்தார், காற்று வரவில்லை, இறங்குதுறைப் பக்கமிருந்து கருவாட்டு மணம் மட்டும் உள்ளே வந்து கட்டிலில் இருந்தது, ஆட்கள் பார்க்க வருகிற நாளில் காற்றும் லீவு போட்டுவிடுகிறது. அவள் சிரிக்கவில்லை, எழுதினாள். என்ன எழுதுகிறாள்… எழுத்து வேறு கடுகு கடுகாக இருக்கிறது, கண்ணாடியைக் கீழே விட்டுவிட்டு வந்தது எவ்வளவு மடைத்தனம்… ஆனால் பயப்படத் தேவையில்லை, கணக்காய்வு என்றால் என்னவென்று பாலசிங்கத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை, பதினெட்டு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்தவர், ஒரு கிளைக்குக் கணக்காய்வாளர் வருகிறார் என்றால் அடுத்த கிளையின் சீனி மூட்டைகள் அவருக்கு முன்பே உழவு இயந்திரத்தில் வந்து இறங்கிவிடும், அவர் எண்ணி முடித்துத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் அதே மூட்டைகள் அவர் அடுத்துப் போகிற கிளைக்குப் புறப்பட்டுவிடும், அந்தப் பன்னிரண்டு மூட்டைச் சீனி பார்த்த ஊர்களைப் பாலசிங்கமே பார்த்ததில்லை. குறை தெரியக்கூடாது, அவ்வளவுதான் கணக்காய்வு. தெரியாத குறைக்கு யார் என்ன செய்யமுடியும்?

ஆகவேதான் அந்த மூன்று டீப் பிறீசர்கள். பதினாலு வருடத்துப் பெட்டிகள், வாங்கும்போதே இரண்டாம் கை, ஓடும்போது கிழட்டு ஆஸ்மாக்காரர் மூவரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தது போல இழுக்கும். நேற்றுப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அவற்றில் இருந்த ஐஸ்கிரீம் முழுவதையும் றோட்டில் நின்று பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார், 'ஆருக்கு ஐயா பிறந்தநாள்?' என்று கேட்ட ரீச்சருக்கு 'கட்டடத்துக்கு' என்றார், அந்த மனிசி வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒரு சொக்லேட் ஐஸ்கிரீமோடு போனது. பிறகு பெட்டிகளைக் களஞ்சிய அறைக்கு உருட்டி, நீலத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, மேலே நாலு தேங்காய்ப்பொச்சு மூட்டை வைத்து… மனோகரி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். 'இஞ்சருங்கோ, இவ்வளவு பாடுபட்டு ஒளிக்கிறியள், அதென்ன கஞ்சாவே?' என்றாள். 'உமக்கு இதுகள் விளங்காது மனோ.' 'ஓம் ஓம், எனக்கு என்னதான் விளங்கினது' என்றுவிட்டுப் போனவள் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை, இரண்டு நாள் பேசாமல் இருப்பதற்கு வேண்டிய சாமான்களை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பாள். பில் விசயத்திலும் அப்படித்தான், அன்ரனிட்டா பன்னிரண்டு மாதப் பில் கேட்டாள், பாலசிங்கம் நாலு கொடுத்தார், லொட்ஜ் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த மாதங்களாகப் பொறுக்கி எடுத்த நாலு, மிச்சம் மழையில் நனைந்துவிட்டது என்றார், மிச்சம் எட்டும் மனோகரியின் கட்டிலுக்குக் கீழே பிஸ்கட் ரின்னுக்குள் காய்ந்த நிலையில் சுகமாக இருந்தன.

கீழே வந்து அன்ரனிட்டா பிரதான சுவிச் பலகையைத் திறந்து தடித்த வயரை ஒரு கொடுக்கு மீற்றரால் கவ்வினாள். நண்டு கவ்வுவது போலிருந்தது. ஆறு அம்பியர். புள்ளி இரண்டோ மூன்றோ. 'இவ்வளவுதானோ? உங்கட கட்டடம் திறம் ஐயா' என்றாள். பாலசிங்கத்துக்கு நெஞ்சு விரிந்தது, ஆனால் விரிந்த இடத்தில் ஏதோ நெருடியது, இதே சொல்லை இதே மாதிரி எங்கேயோ… ஆஸ்பத்திரி கிளினிக்கில், போன வைகாசி, டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு 'உங்கட சீனி திறம்' என்று நீரிழிவுக் குளிசையைப் பாதியாகக் குறைத்தார், குறைக்காமல் என்ன செய்வார், இரத்தம் எடுப்பதற்கு முந்திய மூன்று நாளும் பாலசிங்கம் தேத்தண்ணியைக் கூடச் சீனி இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்திருந்தார், வெளியே வந்ததும் கன்ரீனில் இரண்டு பணிஸ் சாப்பிட்டார், பிறகு போன மாதம் இந்தப் படியில் கண் இருட்டி விழுந்ததற்குச் செருப்பு வழுக்கியது என்று மனோகரிக்குச் சொன்னார், புதுச் செருப்பும் வாங்கினார், பொய்க்கு ஒரு சாட்சி வேண்டாமா. 'அதுதான் ஐயா பிரச்சினை' என்றாள் அன்ரனிட்டா. எது? 'இந்த மானியம் கரண்டை வீணாக்கிற கட்டடங்களுக்குத்தான். நூற்றுக்குப் பதினைஞ்சாவது மிச்சம் பிடிக்க இடமிருக்கோணும். இஞ்ச பிடிக்க ஒண்டுமில்லையே. தகுதியில்லை எண்டுதான் எழுத ஏலும். கவலைப்படாதேங்கோ, இது நல்ல விசயந்தானே.'

நல்ல விசயம். ஓம், மிகவும் நல்ல விசயம், இவ்வளவு திறமாகத் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டவன் தீவுப்பகுதியிலேயே இருக்கமாட்டான், முதற்பரிசு, மாலை போடுங்கோ… சொல்லிவிடு பாலசிங்கம், இப்போதே சொல்லிவிடு, பிள்ளை, பின்னால் வாங்கோ, ஒரு படங்கு இருக்கிறது, மூன்று வாய் இருக்கிறது, மேலே எட்டு வாய் இருக்கிறது, இந்தக் கட்டடம் என்னைத் தின்கிறது, நான் நேற்று முழுக்க அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்… அவர் வாயைத் திறந்தார். 'பிள்ளை, ஒருக்கா…' 'ஓம் ஐயா?' 'தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்.' வேண்டாமாம், வேலணையில் இன்னொரு கட்டடம் பார்க்க இருக்கிறதாம். மணி பதினொன்று நாற்பது. ஏன் வரவில்லை அந்தச் சொல், அப்படியென்ன பெரிய சொல், 'பிழை', 'ஏலாது', 'கஸ்டம்', நாலெழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. நிமலன் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து 'எப்பிடி அண்ணை எல்லாம்?' என்று கேட்பான், 'ஓம், நல்லாயிருக்கு' என்பார், ஆட்கள் வராத வருடத்திலும் நல்லாயிருக்கு, சமையல் எரிவாயு இல்லாமல் விறகில் கண் எரிந்தபோதும் நல்லாயிருக்கு, பத்து வருடம் நல்லாயிருந்த லொட்ஜ் திடீரென்று பில் கட்ட ஏலாமல் நிற்கிறது என்றால் அவன் என்ன நினைப்பான், அண்ணன் காசை அடித்துவிட்டான் என்று நினைக்கமாட்டானா? பொம்பிளை பார்க்கப் போன அன்றைக்குக் கூடச் சிநேகிதனின் மணிக்கூட்டைத்தான் கட்டிக்கொண்டு போனார், மனோகரி வீட்டில் போட்டிருந்த ஆறு கதிரையும் இரவல், அதில் இரண்டு பாலசிங்கத்தின் சொந்த மாமி வீட்டுக் கதிரை, கால் ஆடுகிற ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார், இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு பலகாரம் சாப்பிட்டார்கள். அப்படியே முப்பத்திரண்டு வருடம்.

'ஐயா, இதை ஒருக்காப் பிடிச்சிருங்கோ, பையை அடுக்கிறன்' என்று அன்ரனிட்டா மீற்றரைக் கழற்றாமல் அப்படியே அவருடைய கையில் தந்தாள். வயரைக் கவ்வியபடி நண்டு, அவருடைய உள்ளங்கையில் எண். ஆறு புள்ளி இரண்டு. இதுதான் என் விலை என்று நினைத்தார், அப்போது எங்கேயோ பின்னால் ஒரு இருமல். கூல்பார் விளக்கு ஒருதரம் கண்ணைச் சிமிட்டியது. எண் எட்டானது. இன்னொரு இருமல், பத்து. மூன்றாவது ஆஸ்மாக்காரர், பன்னிரண்டு. அவருக்குத் தெரியும் அந்த இழுப்பு, ஆயிரம் பெட்டிக்குள்ளும் தெரியும். பிறகு தலைக்கு மேலே செருப்புச் சத்தம், சரக் சரக், அவசரமில்லாத நடை, முதலாம் அறையில் நின்றது, பதினேழு. சரக் சரக், இரண்டாம் அறை, இருபத்திரண்டு. அன்ரனிட்டா பையை விட்டுவிட்டு வந்து அவர் கையை எட்டிப் பார்த்தாள், மேலே பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை, புதிதாக வெள்ளையடித்திருந்தார். எட்டாம் அறையில் செருப்பு நின்றபோது வயர் சூடாகி மணக்கத் தொடங்கியிருந்தது, எண் ஐம்பதைத் தாண்டியிருந்தது, பிரதான சுவிச் விழுந்துவிடுமோ என்ற பயத்தோடு ஒரு வெட்கங்கெட்ட சந்தோசமும் அவருக்குள் ஏறியது, பில் ஏறுவதைப் பார்த்து வாழ்க்கையில் முதல்தரம்.

மனோகரி பிஸ்கட் ரின்னோடு படியிறங்கி வந்தாள். நெற்றியில் பொச்சுத் தும்பு. 'பிள்ளை, இப்ப எழுதும். பில் எட்டும் இதுக்குள்ள கிடக்குது. இவருக்கு இல்லையெண்ட சொல்லு வாயில வராது, பிறவிக் குணம், நீர் குறைநினைக்காதையும்.' அன்ரனிட்டா நாலு பில்லையும் எட்டுப் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், முகம் இறுகித்தான் இருந்தது. 'ஒளிச்சதையும் நான் எழுதத்தான் வேணும் அன்ரி. திரும்ப அளந்து அனுப்பிப் பாக்கிறன். மேலிடத்தில என்ன சொல்லுவினமெண்டு உறுதி சொல்ல ஏலாது.' 'உறுதி ஆர் கேட்டது, உள்ளதை எழுதும்' என்றாள் மனோகரி. பாலசிங்கம் மீற்றரைப் பிடித்தபடியே நின்றார். இவள் ஒரு சுவிச்சையும் தேடவில்லையே… அவர் ஒளித்த ஒழுங்கிலேயே போய் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறாள், படங்கு, பிறகு ஒன்று, இரண்டு, எட்டு. அப்படியென்றால் அந்தப் புதுச் செருப்பு? சேட்டுப் பைக்குள் பொட்டலத்தில் இருக்கிற கடலை உருண்டை? இவளுக்கு இன்னும் என்னென்ன தெரியும்? எவ்வளவு காலமாக? போன் அடித்தது. நிமலன், திரையில் சுவிஸ் குசினி, பின்னால் அவனுடைய கோப்பி இயந்திரம். 'அண்ணை, எப்பிடி எல்லாம்?' ஓம் என்று தொடங்குகிற அந்தப் பழைய பதில் கூப்பிடாமலே நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. மனோகரி ரின்னின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், பின்னால் மூன்று பெட்டிகளும் இழுத்துக்கொண்டிருந்தன, எண் இறங்கவில்லை. 'தம்பி…' என்றார். இதற்கு அடுத்த சொல்லை அவர் ஒருநாளும் பாவித்ததில்லை, அது எப்படித் தொடங்கும் என்றுகூடத் தெரியவில்லை.