முறை வைத்துச் செத்த தெரு

எங்கள் தெருவில் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் அவர் வீட்டுப் புகைபோக்கியைப் பார்ப்போம். புகை வந்தால் ஆள் இருக்கிறார், அடுப்பு எரிகிறது, கெட்டில் சூடாகிறது. வெளிச்சம் வந்த பிறகும் புகை இல்லையென்றால் ஏதோ நடந்துவிட்டது. கதவைத் தட்டப் போகிறவர் கையில் ரொட்டியோடுதான் போவார், துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாதல்லவா? உலகத்தின் தென்கோடியில், ஐசேன் பக்கத்துக் குளிரில் இது ஒன்றும் மூடநம்பிக்கை இல்லை. போன வருடம் மட்டும் இப்படி இரண்டு பேரைப் பார்க்கப் போனோம். ஒருவர் நிஜமாகவே செத்திருந்தார். இன்னொருவர் மச்சினி வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவர் வீட்டு வாசலில் பன்னிரண்டு ரொட்டி இருந்தது.

இப்படிப்பட்ட தெருவில் புகையை நிறுத்தும் வேலைக்கு ஒருவன் சேருவானா? நான் சேர்ந்தேன். என் பெயர் எலிசெயோ ஒயார்சோ. நகராட்சியில் ஒரு மஞ்சள் சட்டையும் அபராதம் எழுத ஒரு நோட்டும் கொடுத்தார்கள். சேர்ந்த அன்றே, பதினைந்து வருடமாக எனக்கு மாத்தே என்னும் இலைக் கஷாயம் ஊற்றிக் கொடுத்தவர்கள் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

யஸ்னாவுக்கு எட்டு வயது. ஜூனில் எங்கள் குளிர்காலம் பிறந்துவிட்டால் அவள் சிரிப்புகூட முழுசாக வராது. பாதியில் இருமலாக மாறிவிடும், இருமல் மூச்சிரைப்பாகும், நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். அங்கே இருக்கும் டாக்டரம்மா ஒருநாள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "மருந்து நான் குடுக்கறேன். காத்தை நான் எங்கே போய் வாங்கிட்டு வர்றது?" என்றார். அந்தக் கேள்வியோடுதான் மஞ்சள் சட்டையை வாங்கப் போனேன்.

பயிற்சி கொடுக்கத் தலைநகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். விறகுப் புகையில் இருக்கும் தூளை ஒரு தலைமுடியின் குறுக்கே முப்பது வரிசையாக வைக்கலாமாம். மூக்கும் தடுக்காது, தொண்டையும் தடுக்காது, நேராக நுரையீரலின் அடியில் போய் உட்கார்ந்துவிடுமாம். எங்கள் ஊர் மலைகளுக்கு நடுவே ஒரு பானை. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று அடியில் தங்கிவிடும், அதற்கு மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும், புகை வெளியே போக வழியே இல்லை. எங்கள் தெரு பானையின் அடி. தூளை எண்ணும் இயந்திரத்தையும் இங்கேதான், பள்ளிக்கூடத்து மதிலோரம் வைத்திருந்தார்கள். அதன் எண் அளவு மீறினால் மறுநாள் அவசர நாள்: காலை முதல் மறுநாள் காலை வரை யாரும் விறகு எரிக்கக்கூடாது.

முதல் அவசர நாளுக்கு முந்தின மாலை நான் பத்தொன்பது வீட்டுக் கதவையும் தட்டினேன். நோட்டை வெளியே எடுக்கவே இல்லை. "யஸ்னாவுக்காக, ஒரே ஒரு நாள்" என்று கெஞ்சினேன். எல்லோரும் சரி என்றார்கள். வாக்கு மாறாதவர்கள். குளிர்காலத்தில் இங்கே ஒன்பது மணிக்குத்தான் விடியும். வெளிச்சம் வந்தபோது பத்தொன்பது புகைபோக்கியிலும் ஒரு இழை புகை இல்லை. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் சரியாகப் பத்து நிமிடம் நீடித்தது.

வயதான பெண்களை மரியாதையாகத் தோன்யா என்போம். எதிர்வீட்டு தோன்யா ஃபிலோமேனா லெவிகொய் ஜன்னலைத் திறந்தாள். ரெமிஹியோ பாரியாவின் புகைபோக்கியைப் பார்த்தாள். புகை இல்லை. அறுபது வருடப் பழக்கத்துக்கு முன்னால் நேற்று மாலை நான் சொன்னது எம்மாத்திரம்? கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ரொட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதே நேரத்தில் ரெமிஹியோ அவளுடைய புகைபோக்கியைப் பார்த்துவிட்டு, ஆட்டுத் தொடை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டிருந்தான். விறகு வியாபாரி, என் மகளுக்கு ஞானத்தகப்பன், பெரிய உடம்பு, சின்ன விஷயத்துக்கும் அழுகிறவன். இருவரும் நடுத்தெருவில் சந்தித்தார்கள்.

"ஐயோ தோன்யா! நீங்க செத்துட்டீங்கன்னுல்ல வந்தேன்!"

"நான் ஏண்டா சாகறேன்? உன் துக்கத்துக்குத்தான் நான் வந்துட்டிருக்கேன்."

"அப்ப இந்தக் கறியை என்ன பண்றது?"

"என்னைக் கேட்டா? நான் உயிரோட இருக்கேன், சமைக்கறேன். வா உள்ளே. குளிர்ல நிக்காதே."

வந்தவருக்கு மாத்தே கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. மாத்தேக்கு வெந்நீர் வேண்டும். வெந்நீருக்கு அடுப்பு. தெரு முழுக்க இதே கூத்து. எல்லோரும் எல்லோருடைய சாவுக்கும் போனார்கள், எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், எல்லா வீட்டிலும் விருந்தாளி. பத்தரை மணிக்குள் பத்தொன்பது அடுப்பும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எரிந்தன. அவசரத்தில் ஈர விறகையும் சேர்த்துத் திணித்திருந்தார்கள். இயந்திரத்தின் எண் நான் அதுவரை பார்க்காத இடத்துக்கு ஏறியது.

மத்தியானம் யஸ்னாவின் உதடு நீலமானது. தூக்கிக்கொண்டு ஓடினேன். என் தோளில் அவள் மூச்சு விசில் அடிப்பது கேட்டது. அந்தப் பத்தொன்பது வீட்டையும் அன்றைக்கு நான் வெறுத்தேன், அவர்கள் நல்ல மனசையும் சேர்த்து வெறுத்தேன்.

நாலாம் நாள் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு தெருவைக் கூட்டிவைத்துக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ரெமிஹியோ அழுதான். ஃபிலோமேனா மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நகராட்சி உத்தரவை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கத்தினது போதும். ஏழாம் பிரிவைப் படிச்சியா?"

நான் படிக்கவில்லை. உத்தரவை வீடு வீடாகக் கொடுத்தவனே நான்தான்.

"'வீட்டில் உடல் வைக்கப்பட்டிருக்கும் நிலையில், அவ்வீட்டின் ஓர் அடுப்புக்கு மட்டும் விலக்கு.' சாவு வீட்டுல அடுப்பு எரியலாம்கறான். நமக்கு வேண்டியது ஒரு சாவு. ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் அங்க போய் உக்காந்துடுவோம். ஒரு அடுப்பு, அதுவும் காஞ்ச விறகு. மத்ததெல்லாம் அணைஞ்சு கிடக்கட்டும்."

"யாரு சாகறது?" என்று ரெமிஹியோ கேட்டான்.

"முறை வச்சுக்கலாம்."

நான் அரசாங்க ஊழியன், இதெல்லாம் மோசடி, என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின் அறையில் யஸ்னா இருமினாள். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த அவசர நாளில் முதலில் செத்தவன் ரெமிஹியோ. யாராவது சோதனைக்கு வந்தால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் செத்தவர் கூடத்து மேசைமேல் வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வேண்டும் என்று ஃபிலோமேனா சட்டம் போட்டாள். மெழுகுவத்தியைத் தடை செய்தாள், அதுவும் புகைதானாம். தெரு மொத்தமும் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, செத்தவனைப் புகழ்ந்தது. ரெமிஹியோ கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"கடன் கேட்டா இல்லேன்னு சொல்லாத மனுஷன்" என்று யாரோ அழுதார்கள்.

"விறகு ஈரமா இருந்தாலும் மனசு ஈரமில்லாம இல்ல" என்றாள் ஃபிலோமேனா.

"நான் ஈர விறகு வித்ததே இல்ல!" என்று பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"படுடா. செத்தவனுக்கு என்ன ரோஷம்?"

எல்லோருக்கும் இது பிடித்துப்போய்விட்டது. உயிரோடு இருக்கும்போது நம்மைப் பற்றி யார் நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறார்கள்? முறைக்காகச் சண்டை வந்தது. ஃபிலோமேனா தன் முறை போதாதென்று தங்கை முறையிலும் செத்தாள். மேல்தெருக்காரர்கள் ஒரு வாரம் எங்களைக் கேலி செய்தார்கள், அதற்கடுத்த வாரம் அவர்கள் தெருவிலும் சாவு விழ ஆரம்பித்தது.

விலக்குக்காக ஒவ்வொரு சாவுக்கும் நான் ஒரு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து தலைவர் போன் செய்தார்.

"ஒயார்சோ, உங்க தெருவுல ஒரே மாசத்துல ஒம்பது பேரு செத்திருக்காங்களே, என்னய்யா விஷயம்?"

"காத்து சரியில்ல சார்."

அவர் காகிதங்களைப் புரட்டுவது கேட்டது. "இந்த ஃபிலோமேனா லெவிகொய் ஆறாம் தேதியும் செத்திருக்காங்க, இருபதாம் தேதியும் செத்திருக்காங்க."

"அவங்க பிடிவாதக்காரி சார்."

"குடும்பத்துக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

நம்பினாலும் நம்பாவிட்டாலும் இயந்திரத்தின் எண் இறங்கியது. கூரைப் பனியில் வந்த மாற்றத்தை யஸ்னாதான் முதலில் கவனித்தாள். மற்ற வருடங்களில் விழுந்த மூன்றாம் நாளே சாம்பல் நிறமாகி, உச்சி வெயில் பட்டதும் ஒழுகி ஓடிவிடும். கரி விழுந்த பனி வெயிலைக் குடிக்கும், வெள்ளைப் பனி திருப்பி அனுப்பிவிடும் என்று பயிற்சிப் பெண் சொன்னபோது நான் தூங்கிவழிந்துகொண்டிருந்தேன். இந்த வருடம் பனி வெள்ளையாகவே இரண்டு வாரம் கிடந்தது. "அப்பா, நம்ம பனிக்கும் மூச்சு நல்லா வருது" என்றாள் யஸ்னா.

ஆகஸ்டில் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. முந்தின நாள் ஃபிலோமேனா துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"யாரு சாகப்போறீங்க? நீயா, ஒதிலியாவா?"

என் மனைவி ஒதிலியா என்னைக் கை காட்டினாள். அதற்குள் யஸ்னா ஓடிவந்தாள்.

"நான்! நான் படுக்கறேன்! எனக்குத்தான் அசையாம படுக்கத் தெரியும். ஆஸ்பத்திரியில எல்லாரும் சொல்லுவாங்க, இவதான் சமத்து, அசையவே மாட்டான்னு."

சொல்லிவிட்டு மேசைமேல் ஏறி, கையைக் கோத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் காட்டினாள். நிஜமாகவே நன்றாகப் படுத்தாள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. எத்தனை குளிர்காலம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இதே படத்தைப் பார்க்கக்கூடாது என்று வேண்டியிருக்கிறேன். "எந்திரி" என்றேன். மறுபடி சொன்னேன், இந்த முறை கத்திவிட்டேன்.

யஸ்னா பயந்து எழுந்தாள். "விளையாட்டுதானே அப்பா?"

ஃபிலோமேனா என் முகத்தைப் பார்த்தாள். யஸ்னாவை மேசையிலிருந்து இறக்கிவிட்டு, "உனக்கு வயசு பத்தாது கண்ணு. இது பெரியவங்க வேலை" என்றாள்.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். இறந்தவர்: எலிசெயோ ஒயார்சோ. நேரில் கண்டு உறுதி செய்தவர்: எலிசெயோ ஒயார்சோ. தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தின் சார்பில் ஒரு மலர்வளையமும் அனுப்பினார்.

மறுநாள் காலை வெள்ளைத் துணிக்கடியில் படுத்தேன். கூடம் நிறைந்தது. அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்தது, மாத்தேக் குடுவை கை மாறியது. என்னைத் திட்டியவர்களெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். மஞ்சள் சட்டை எனக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது என்று ஒருத்தி விசும்பினாள். கதவைச் சாத்தியவளும் அவள்தான். எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யஸ்னா மற்ற பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். மேசையைச் சுற்றி ஓடினாள், மாடிக்கு ஏறினாள், தடதடவென்று இறங்கினாள். யாரோ அவளைப் பிடித்துவிட்டார்கள். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நான் விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தேன், சிரிப்பு இதோ உடையும், இதோ இருமல் வரும் என்று. சிரிப்பு மேலே போனது, இன்னும் மேலே போனது, பிறகு தானாகவே தீர்ந்தது. முழுச் சிரிப்பு. குளிர்காலத்தில் அவளுடைய முழுச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதே இல்லை.

முகத்தின் மேலிருந்த துணி நனைந்துவிட்டது. ஃபிலோமேனா குனிந்து அதன் ஓரத்தால் என் கன்னத்தைத் துடைத்தாள்.

"அழறது எங்க வேலை தம்பி" என்றாள் காதருகே. "நீ செத்தவன். சும்மா படு."