பாறையில் ஒரு குழி

தம்பி ஓங்கிய மண்வெட்டியை அத்தான் எட்டிப் பிடித்தார்.

"மெதுவா மச்சான். உள்ள முட்டை."

தம்பி குனிந்து பார்த்தான். முழங்கை ஆழத்தில், வெதுவெதுப்பான கறுப்பு மணலுக்குள், கோழி முட்டையைப் போல இரண்டு பங்கு பெரிய முட்டை. இந்தத் தீவில் அடைகாப்பது எரிமலைதான். பறவை முட்டையைப் புதைத்துவிட்டுத் தன் ஜோலியைப் பார்க்கப் போய்விடும்.

அக்கா நேற்றுக் காலை போய்விட்டாள். மாரடைப்பு. எரிமலை ஆராய்ச்சிக்காரி; பதினாறு வருஷம் இந்த மலைக்கு நாடி பிடித்துப் பார்த்தவள், தன் நாடியைக் கோட்டைவிட்டாள். குடிசைக்குள் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோய் அப்பா அம்மா பக்கத்தில் வைக்கவேண்டுமென்று தம்பி படகில் வந்திருந்தான். அவள் ஆசைப்பட்டது இந்த மலையடியைத்தான் என்றார் அத்தான். காலை முழுக்க இழுபறி. கடைசியில் ஒரு பேச்சு: படகு கிளம்புவதற்குள் குழி தயாரானால் இங்கே, இல்லையென்றால் ஊருக்கு.

அத்தானுக்குப் பறவை எண்ணுகிற வேலை. முட்டையை அப்படியே மூடினார். அடுத்த இடத்திலும் முட்டை. மூன்றாவது இடத்தில் இரண்டு.

"மண்ணுள்ள இடமெல்லாம் குடித்தனம் வந்தாச்சு." உட்கார்ந்துவிட்டார். "மிச்சம் பாறைதான். நீ கூட்டிட்டுப் போயிடு."

ஜெயித்துவிட்டான். சந்தோஷத்தைத்தான் காணோம்.

தம்பி ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். கடப்பாரையை எடுத்துப் பாறையைத் தட்டினான். கணீர். நகர்ந்து தட்டினான். கணீர். மூன்றாவது தட்டு பொத்தென்று கேட்டது. எரிகுழம்பு ஆறும்போது விட்ட விரிசல். போனில் அக்கா வாரம் தவறாமல் அளந்தது இந்தக் கதையைத்தான்.

"அது மசியாது மச்சான்."

"அக்காவுக்கு மசிஞ்சுதே. வந்து பிடிங்க அத்தான்."

பாறை தகடு தகடாகப் பெயர்ந்தது. முழங்கால் ஆழம் போனபோது படகு ஹாரன் அடித்தது. தம்பி நிமிர்ந்தான். நீங்கள் கிளம்பலாமென்று படகுக்காரருக்குக் கையசைத்தான்.

அடுத்த படகு பன்னிரண்டு நாள் கழித்துத்தான் என்று அத்தான் ஞாபகப்படுத்தினார்.

"அதுவரைக்கும் என் சமையல்தான்."

"தெரியும். அக்கா எச்சரிச்சிருக்கா."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பெயர்ந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். புது உடைப்பில் பச்சைப் பச்சையாய்ப் பொடிமணிகள் வெயிலில் மின்னின. கல்லென்றால் கல்தானே என்று பதினாறு வருஷம் அவளைச் சீண்டியவர்.

"இது என்ன மச்சான்?"

"ஆலிவின். ரொம்ப ஆழத்துலேர்ந்து வரும்."

சட்டைப்பையிலிருந்து பறவை நோட்டை எடுத்தார் அத்தான். அன்றைய முட்டைக் கணக்கின் கீழே, எழுத்துக்கூட்டி, அந்தக் கல்லின் பெயரை எழுதிக்கொண்டார்.