புல்லுக்கு அடித்த சாயம்

கேட்டைத் திறந்த ஆதிகேசவன், தாழ்ப்பாளில் இருந்து கையை எடுக்க மறந்து நின்றுவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு முன்பு, பூவும் பழமும் வாங்க ஆம்பூர் கடைத்தெருவுக்குப் போனபோது வைக்கோல் நிறத்தில் கிடந்த புல்தரை, இப்போது பச்சைப்பசேல் என்று இருந்தது.

"ஷர்மிளா! தண்ணி ஊத்தினியா?"

மகள் உள்ளேயிருந்து வந்தாள்.

மழை வரும்வரை தோட்டத்துக்கு யாரும் போர்வெல் தண்ணீரோ லாரித் தண்ணீரோ விடக்கூடாது என்று தெருச் சங்கத்தில் தீர்மானம் போட்டவரே அவர்தான். தலைவர் வீட்டுப் புல்தான் முதலில் காய வேண்டும் என்று சொல்லிக் காயவிட்டவரும் அவர்தான். தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற ஆண்டு போட்ட கொரியன் புல். பங்குனி பிறந்ததும் உரத்தை நிறுத்தினார். ஒட்ட வெட்டாமல் மூன்று விரல் உயரத்துக்கு விட்டார். அரிசி கழுவிய நீரைச் சேர்த்து வைத்து விடியும்முன் தெளித்தார். மேற்கே நிழல் வலை கட்டினார். அப்படியும் சித்திரையில், மிதித்த தடம் மிதித்தபடியே பள்ளமாக நின்றது. வேர் உயிரோடு இருக்கிறது, மழை வந்தால் எழுந்துகொள்ளும் என்று அத்தோடு விட்டுவிட்டார்.

இன்னொரு பக்கம் அவர் வாயால் வந்த வினையும் இருந்தது. பொங்கல் சமயத்தில், ஷர்மிளாவைத் தன் மகனுக்குக் கேட்டு வந்த வாலாஜாபேட்டை சீனிவாசனிடம், "எந்த வெயில்லயும் எங்க வீட்டுப் புல்லு வாடாது சார். அதுமேல ஒக்காந்துதான் தட்டு மாத்தறோம்" என்று சொல்லியிருந்தார். அந்தத் தட்டு மாற்றும் நாள் இன்று.

குனிந்து புல்லைத் தொட்டார். சருகுபோல் நொறுங்கியது. விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் பச்சையாக இருந்தது.

"இன்னாம்மா இது?"

"சாயம்பா. கம்பெனில மிஞ்சினது, கேட்டு வாங்கியாந்தேன்." ஷர்மிளா தோல் கம்பெனியில் ஷூ தோலுக்கு நிறம் கலப்பவள். "பூச்சி மருந்து அடிக்கிற பம்புல அடிச்சேன். தண்ணியும் ஊத்தக்கூடாது, நீங்க குடுத்த வார்த்தையும் போவக்கூடாது. நான் வேற இன்னா பண்றது?"

தாயில்லாத பெண்ணை ஒருநாளும் கை நீட்டி அடித்தவரில்லை. அந்தக் கையை இப்போது பின்னால் கட்டிக்கொண்டார். "என் வீட்டுல பொய்யா?" என்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

சீனிவாசன் இறங்கியதுமே பார்வை புல்லுக்குப் போய்விட்டது. "சொன்னபடியே வெச்சிருக்கீங்களே சார்! ஆச்சரியம்! பாய் எடுங்க, இங்கயே ஒக்காருவோம்."

"பூச்சி ஜாஸ்தி சார். உள்ளதான் வசதி," என்று சொல்லி உள்ளே அழைத்துப் போனார். எழுபத்தோரு வயதில் அவர் சொன்ன அந்தப் பொய் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

தட்டை இன்னும் கையில் எடுக்கவில்லை, அதற்குள் ஜவ்வாது மலைப் பக்கம் இடி இடித்தது. மூன்று மாதமாக ஏமாற்றிய மழை அரை நிமிடத்தில் வந்து கொட்டியது. "நல்ல சகுனம்" என்று சீனிவாசனின் மனைவி சொன்னாள். ஆதிகேசவன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். புல் மறுபடி வைக்கோலாகிக்கொண்டிருந்தது. பச்சை நீர் சுழித்துக்கொண்டு கேட்டின் அடியில் புகுந்து தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சாயம் நிக்காதா?" என்று மகள் காதில் கேட்டார்.

"நிக்காதுப்பா. ஒட்டவெக்கிற பைண்டர் கலந்தாதான் நிக்கும். கலந்தா புல்லு மூச்சு முட்டிச் செத்துப் பூடும்னு விட்டுட்டேன்."

வெளியே யாரோ கூவினார்கள். "கலர் தண்ணி வருது! கலர் தண்ணி!"

தோல் பட்டறைக் கழிவால் கிணறெல்லாம் கெட்டுப்போன அந்த ஊரில் அந்த இரண்டு சொல் போதும். தெருவே குடையோடு கூடிவிட்டது. எல்லோருக்கும் முன்னால் எதிர்வீட்டு வாஹித் பாஷா நின்றிருந்தார். இரண்டு வருடம் முன்பு, அவருடைய தோல் பட்டறையிலிருந்து சாயநீர் கால்வாயில் போகிறதென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதி, மூன்று மாதம் பட்டறையை மூட வைத்தவர் ஆதிகேசவன். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"இன்னா தலைவரே, வீட்டுலயே பட்டறை போட்டுட்டீங்களா? சொல்லவே இல்ல?"

கூட்டத்தில் சிரிப்பு. தலையில் அறைந்ததுபோல் இருந்தது ஆதிகேசவனுக்கு. நனைந்துகொண்டே கேட் வரை நடந்தார். தோளிலிருந்த புது அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக் கேட்டின் அடியில் அடைத்தார். வெண்பட்டு ஒரு நொடியில் பச்சையானது. நீர் சற்று நின்று, பக்கவாட்டில் வழிந்தது.

"எங்க வீட்டுதுதான் பாய்," என்றார்.

வாஹித் பாஷாவின் சிரிப்பு நின்றது. "அன்னிக்குக் குழாய் ஒடஞ்சிருக்கு, ஒரே ஒரு நாள் டைம் குடுங்கன்னு கேட்டேன். நீங்க குடுக்கல."

"குடுக்கல."

"இப்ப நீங்க கேளுங்க. நான் குடுக்கறேன்."

தெருவே ஆதிகேசவனின் வாயைப் பார்த்தது. வாசலில் சீனிவாசன் குடும்பமே வந்து நின்றிருந்தது.

"கேக்க மாட்டேன்."

உள்ளே போனார். சங்கத்தின் தாளை எடுத்து, அதே வாரியத்துக்கு ஈரம் சொட்டச் சொட்ட எழுதினார். தன் வீட்டிலிருந்து சாயநீர் தெருவுக்குப் போனது, நாள், நேரம், எல்லாம். ஷர்மிளா தோளைத் தொட்டாள். "நான்தானேப்பா அடிச்சேன். என் பேர எழுதுங்க."

"வீடு என் பேர்ல இருக்கு," என்று அவள் கையை விலக்கினார்.

கேட்டருகே வந்து தாளை நீட்டினார். "சாட்சிக் கையெழுத்து போடுங்க பாய். அப்ப உங்க மேல குடுத்த மனுவுக்கும் இப்படித்தான் வாங்கினேன்."

வாஹித் பாஷா குடைக்குள் வைத்து இரண்டு முறை படித்தார். "இன்னா மனுசன்யா நீ," என்று முணுமுணுத்தார். அது திட்டா என்று யாருக்கும் புரியவில்லை. கேட் தூணில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதுவரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சீனிவாசன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பச்சைச் சேற்றில் இறங்கி வந்தார். ஆதிகேசவன் முதுகை நிமிர்த்தினார். சம்பந்தம் முறிந்தது என்று கேட்கத் தயாராகத்தான் நின்றார்.

"சாட்சி ரெண்டு பேர் வேணுமில்ல சார்?" என்றார் சீனிவாசன். "பேனாவக் குடுங்க."